சிலேட்டில் எட்டுக் கோடு

"சிகிச்சை உதவியாளர், இரண்டாம் நிலை. திடகாத்திரமான உடல்வாகு அவசியம். வைத்தியரின் உத்தரவை நிறைவேற்றுவது தவிர, சிகிச்சை குறித்துக் கருத்துக் கூற அதிகாரம் இல்லை."

வைத்திய நிலையத்தின் பணிப் பதிவேட்டில் அவளைப் பற்றி எழுதியிருந்தது இது. அவள் எடை நாற்பத்திரண்டு கிலோ. அதுவும் ஈரத் துணியோடு நின்றால். கருத்துச் சொல்லாமல் ஒரு நாள் இருந்தாள் என்றால், அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது என்று அர்த்தம்.

அந்த நிலையத்தில் உடம்பைச் சுத்தி செய்தார்கள். ஒரு வாரம் நெய் குடிக்க வைத்து, எண்ணெய் தேய்த்து, ஆவியில் வேகவைத்து, கடைசி நாள் காலையில் பேதி மருந்து கொடுப்பார்கள். உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறும் என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக வெளியேறுவதைப் பார்த்து வருகிறவள் அவள். நச்சு என்று ஒன்றைக் கண்டதே இல்லை. கண்டதெல்லாம் முந்தாநாள் சாப்பாடுதான். ஆனால் வரும்போது கறுத்துக் கிடந்த முகங்கள் போகும்போது தெளிந்திருந்ததையும் அவள்தான் பார்த்தாள். இரண்டையும் எல்லோரிடமும் சொல்லுவாள். எதிரெதிராக இருக்கிறதே என்று யாராவது கேட்டால், "வயிறும் மூஞ்சியும் ஒண்ணா?" என்பாள்.

பேதி நாளில் பெண்கள் பகுதிக் கழிப்பறை வாசலில் முக்காலி போட்டு உட்காருவாள். உள்ளே போனவர் வேலை முடித்து வந்தால் சிலேட்டில் ஒரு கோடு. மருந்து போதுமா, பிறகு எத்தனை நாள் கஞ்சி என்பதையெல்லாம் வைத்தியர் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அதனால் அவளுக்குச் சிலேட்டு அக்கா என்று பெயர்.

ஒரு தடவை, ஒன்பதோடு நின்றுபோன பெரிய இடத்து அம்மாள் ஒருவர் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்து ரூம்காரிக்குப் பதினெட்டாமே. எனக்கும் அப்படியே போட்டுடேன்."

"போனதுக்குத்தாம்மா கோடு. போகாததுக்கு நான் எங்க போறது?"

புகார் மேலே போயிற்று. முதல் நிலைக்கு உயர வேண்டியவள் இரண்டிலேயே நின்றாள்.

இந்த உத்தியோகம் அவளுடைய தங்கைக்கு ஆயுள் முழுக்கக் கேலி. "எங்கக்கா சாதாரண ஆளில்ல. கக்கூஸுக்குக் காவல்" என்று கல்யாண வீடுகளில் அறிமுகப்படுத்துவாள். அதே தங்கை ஒரு மழைக்காலத்தில் துணிப்பையோடு வந்து அக்கா வீட்டுக் கட்டிலில் படுத்தாள். ஈரலில் கட்டி. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்ததைக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்பதுதான் சிக்கல். தட்டைக் கையால் தள்ளினாள்.

"உள்ள பூரா அழுக்குக்கா. அது மேல சோத்தப் போட்டா எப்படி ஒட்டும்? மொதல்ல எல்லாத்தையும் வெளிய எடுத்துடு. கண்டவளுக்கெல்லாம் செய்யறியே, எனக்குச் செய்ய மாட்டியா?"

வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அவர் நாடியில் மூன்று விரல் வைத்தார். எடுக்கும்போது தங்கையைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார். "இவ்வளவு மெலிஞ்ச உடம்புக்குப் பேதி குடுக்கக் கூடாது. ஒரு நாள் தாங்காது. உங்களுக்குத் தெரியாததாம்மா?"

தெரியும். வேறு யாரையாவது கூட்டி வந்திருந்தால் அவரை முந்திக்கொண்டு அவளே சொல்லியிருப்பாள்.

வீடு வந்து சேர்ந்தார்கள். செருப்பைக் கழற்றும்போது தங்கை சொன்னாள். "அவர் செய்யலேன்னா நீ செய். அதுவரைக்கும் ஒரு வாய் தொட மாட்டேன். பாத்துக்க."

கொடுத்தால் அன்றைக்கே போய்விடுவாள். கொடுக்காவிட்டால் பட்டினியிலேயே போய்விடுவாள். சிலேட்டு அக்காவிடம் இதற்கு மட்டும் கருத்து இல்லை. ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, "சரிடி, செய்யறேன்" என்றாள்.

நெய் அரை ஸ்பூன். மேலுக்கு இளஞ்சூட்டில் எண்ணெய். தடவும்போது எலும்பு எலும்பாகக் கையில் தட்டுப்பட்டது. ஏழு நாளை மூன்றாக்கினாள்.

"எனக்கு மட்டும் ஏன் மூணு நாள்?"

"சொந்தக்காரிக்குச் சலுகைடி."

நான்காம் நாள் காலை வெந்தயத்தைக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை மருந்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். கசக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்கு வேலை. தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். முக்காலியும் சிலேட்டும் நிலையத்தில் இருப்பதுபோலவே வந்து உட்கார்ந்தன. ஒரு முறை போய் வந்தாள். பிறகு கட்டிலில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள்.

சிலேட்டு அக்கா அந்த ஒற்றைக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பலப்பத்தை எடுத்தாள்.

"எத்தனக்கா?" கண்ணைத் திறந்ததும் தங்கை கேட்டாள்.

"எட்டு."

"தூங்கும்போதுமா?"

"நான்தான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். நீ அரைத்தூக்கத்துல இருந்த."

தங்கை சிலேட்டை வாங்கி ஒவ்வொரு கோடாக விரலால் தொட்டு எண்ணினாள். "பெரிய இடத்து அம்மாவுக்கே ஒன்பதோட நிறுத்தினவளாச்சே நீ" என்றாள். அக்கா தரையைப் பார்த்தாள். "கூடப் பிறந்தவளுக்கு ஒரு பத்தாப் போட்டிருக்கக் கூடாது? கஞ்சப் பிசினாறி."

சிலேட்டைத் தலைமாட்டில் சாய்த்து வைத்துக்கொண்டாள். "அழிச்சிடாத. சரி, கஞ்சி எங்க? இதுக்கு அப்புறம் கஞ்சிதானே முறை?"

முதல் நாள் வெறும் கஞ்சித் தண்ணீர். மறுநாள் கொஞ்சம் கலங்கலாக. ஐந்தாம் நாள் பருக்கை தட்டுப்பட்டது. "உப்புப் பத்தல" என்று அதட்டினாள். அதற்குப் பிறகு கஞ்சி கெட்டியாகவில்லை, திரும்பவும் தண்ணீராகிக்கொண்டே வந்தது. பதிமூன்றாம் நாள் காலை ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனபோது அவள் வாய் திறக்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்த வைத்தியர் தலைமாட்டுச் சிலேட்டைப் பார்த்தார். எட்டுக் கோடு. "அம்மா, என்ன குடுத்தீங்க?" என்றார்.

"வெந்தயத் தண்ணி" என்றாள்.

சிலேட்டு அக்கா ஏழு கோடு பொய்யாகக் கிழித்தாள். பன்னிரண்டு நாள் தங்கைக்குக் கஞ்சி ஊட்டினாள்.