தலைகீழாக்கிப் பெருக்கு

கணக்கு ஆசிரியர்களுக்காக மண்டல அளவில் நடக்கும் இரண்டு நாள் கூடுகையை இந்த வருஷம் ஜவ்வாது மலைமேல் வைத்தார்கள். எப்போதும் கீழே ஏதாவது ஓர் ஊரில்தான் வைப்பார்கள். மலைப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் இறங்கிப் போவோம். இந்தத் தடவை கலசப்பாக்கம், செங்கம் பக்கத்து ஆசிரியர்கள் வேன் பிடித்து மேலே வந்தார்கள். வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. என்னைச் சாப்பாட்டுக் குழுவில் போட்டார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெரிய நிம்மதி.

அந்த நிம்மதிக்குக் காரணம் உண்டு. நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். வீடு சந்தவாசலில். காலையில் போளூருக்கு வந்து மலைப் பேருந்து பிடித்து மேலே உள்ள நடுநிலைப் பள்ளிக்குப் போவேன், சாயங்காலம் இறங்கி வருவேன். பதினான்கு வருஷமாக இதுதான் வாழ்க்கை. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் கணக்கு நான்தான். பிள்ளைகள் என்னிடம் பயப்பட மாட்டார்கள். நல்ல டீச்சர் என்று பெயரும் இருந்தது. ஆனாலும் எனக்குள் ஒரு முள் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, ஆறாம் வகுப்பில் பின்னங்களை வகுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 'இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு' என்று பலகையில் எழுதினேன். முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"ஏன் டீச்சர் தலகீழாக்கணும்? மேல கீறது ஏன் கீழ போவுது?"

"அது விதிம்மா. எழுதிக்கோ."

அவள் மறு பேச்சில்லாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. பேருந்தில் இறங்கி வரும்போது யோசித்துப் பார்த்தேன். பள்ளியில் படித்தபோதும் கல்லூரியில் படித்தபோதும் எத்தனையோ ஆயிரம் தடவை தலைகீழாக்கியிருக்கிறேன். ஏன் என்று தெரியாது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கணக்கு டீச்சர் போய் இதைக் கேட்பதா என்ற கூச்சம் தடுத்தது. அதன்பிறகு வருஷா வருஷம் அந்தப் பாடம் வரும்போது என் பேச்சு தானாக வேகமெடுக்கும். ஒருத்தரும் கை தூக்க இடம் விடாமல் அடுத்த கணக்குக்குத் தாவிவிடுவேன்.

நான்கு கணக்கு ஆசிரியர்கள் சேர்ந்து உட்காருகிற இடமென்றாலே அதனால் எனக்கு ஒரு பயம். சாம்பாருக்கு யாரும் விளக்கம் கேட்கப்போவதில்லை.

கூடுகை நடந்தது ஒரு விடுதிப் பள்ளியில். விடுமுறை என்பதால் பிள்ளைகள் இல்லை. காலையில் வேன்கள் வந்து நின்றபோது பாதிப் பேர் முகம் வெளுத்து இறங்கினார்கள். வளைவுகளில் குடல் புரண்டுவிட்டது என்றார்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்து உப்புத் தொட்டுக் கொடுத்தோம். பிறகு டீ. நாற்பது பேருக்கு டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்ததில் என் காலைப்பொழுது நன்றாகவே போனது.

சமையலுக்கு அந்த விடுதியில் சமைக்கும் அக்காவே இருந்தார். பக்கத்து மலைக்கிராமத்துக்காரர். பள்ளியில் எடை மெஷின் இருந்தாலும் அதை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். தன் வீட்டிலிருந்து கொண்டு வந்த படி, அரைப்படி, கால்படி மூன்றும்தான் அவருக்குக் கணக்கு. மதியத்துக்குச் சாமைச் சோறு, அவரைக்காய் சாம்பார். நான் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தபோது பயிற்சி நடத்த வந்தவர் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போன குரல்.

"மூணு மூணு பேரா குழு பிரிச்சேன். ஒரு குழுவுல ஆள் குறையுதுங்க. நீங்க கணக்கு டீச்சராமே? வாங்களேன்."

"இங்க வேலை நிறைய இருக்குது சார்" என்றேன்.

சமையல் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னா வேல? நீங்க கிள்ளுன காயெல்லாம் நான் மறுக்கா கிள்ளிக்கினு இருக்கேன். போங்க டீச்சர்."

போனேன். என் குழுவில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் செங்கம் பக்கத்து நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான். வேட்டி சட்டையில், சட்டைப் பையில் மூன்று பேனாக்களோடு உட்கார்ந்திருந்தார். இன்னொருத்தி கலசப்பாக்கத்திலிருந்து வந்தவள், வேலைக்குச் சேர்ந்து முதல் வருஷம். குளிருக்குத் துப்பட்டாவைத் தலையோடு சுற்றியிருந்தாள்.

பயிற்றுநர் பலகையில் ஒரே ஒரு கணக்கை எழுதினார். முக்காலை அரையால் வகுக்க வேண்டும். நான் தாவிவிடுகிற அதே பாடம்.

"ஒன்றரை!" என்று நாற்பது குரல் ஒன்றாக வந்தது.

"எப்படி?"

"தலைகீழாக்கிப் பெருக்கணும்."

"ஏன்?"

எல்லோரும் நோட்டைப் பார்த்தார்கள்.

எங்கள் குழுவிலிருந்த தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "விதி அப்படிங்க சார்."

"விதிய யார் போட்டாங்க சார்?"

சிலர் சிரித்தார்கள். பயிற்றுநர் சிரிக்கவில்லை. "கிண்டலுக்குக் கேக்கலைங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் எனக்கும் தெரியாது. தெரியாதவங்க கை தூக்குங்க. இங்கிருந்து ஆரம்பிக்கலாம்."

ஒருத்தரும் தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

பெரிய துணிச்சல் ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காக வேகவேகமாகப் பேசி மறைத்து எனக்கு அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். கை மேலே போனபிறகுதான் ஐயோ என்றிருந்தது. தலைமை ஆசிரியர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாக்களை ஒருமுறை சரிசெய்துகொண்டார். பிறகு தன் கையைத் தூக்கினார், முழுசாக, பள்ளிப் பிள்ளை தூக்குவதுபோல. அதைப் பார்த்து கலசப்பாக்கத்துப் பெண் தூக்கினாள். அப்புறம் அந்த வரிசை, அடுத்த வரிசை. திரும்பிப் பார்த்தபோது அறை முழுக்கக் கைகள்.

பயிற்றுநர் விடையைச் சொல்லவில்லை. "சாப்பாட்டுக்குள்ள கண்டுபிடிங்க. ஆறாங்கிளாஸ் பிள்ளைக்குக் கண்ணுல தெரியணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வெந்நீர் குடித்தார்.

நாங்கள் முதலில் காகிதத்தைக் கிழித்துப் பார்த்தோம். முக்கால் துண்டு ஒன்று, அரைத் துண்டு ஒன்று. முக்காலில் அரை எத்தனை தடவை அடங்கும் என்பதுதான் கேள்வி என்று அந்தப் பெண் சொன்னாள். ஒரு தடவை அடங்கியது. கால் துண்டு மிச்சம்.

"அப்ப ஒன்றேகால்தானே வரணும்?" என்றார் தலைமை ஆசிரியர். "விதிப்படி ஒன்றரை வருது. கையில ஒன்றேகால் வருது. இன்னாம்மா இது?"

மூன்று பேரும் அந்தக் கால் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குச் சமையற்கட்டு ஞாபகம் வந்தது. எழுந்து போய், அக்கா அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது அரைப்படியையும் கால்படியையும் ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் சாமையையும் எடுத்து வந்தேன். அரைப்படி ஒன்று, கால்படி ஒன்று அளந்து கொட்டினோம். முக்கால் படி சாமை. அதை அரைப்படியால் அளந்தோம். ஒரு தடவை நிறைந்தது. மிச்சத்தை அதே அரைப்படியில் கொட்டினேன். தலைமை ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தார்.

"பாதி நிக்குது" என்றார். "படியில அது கால். அரைப்படியில அது பாதி. நாம கேட்டது எத்தன அரைப்படின்னுதானே? அப்ப ஒன்றரை!"

அவர் குரல் அவ்வளவு சத்தமாக வந்ததில் பக்கத்துக் குழுக்கள் திரும்பிப் பார்த்தன. அந்தச் சத்தத்துக்கே சமையல் அக்காவும் வந்துவிட்டார்.

"டீச்சர், அரப்படிய காணம்னு நான் அங்க தேடினு இருக்கேன். ஒல கொதிக்குது."

"ரெண்டே நிமிஷம்மா" என்றார் தலைமை ஆசிரியர். "முப்பது வருஷமா தெரியாத ஒண்ணு இப்பதான் தெரிய ஆரம்பிச்சிருக்குது."

"முப்பது வருசம் காத்துனு இருந்தது சோறு தின்னுட்டு அப்புறம் காத்துனு இருக்காதா?" என்று சொல்லிவிட்டு, அளவைகளையும் சாமையையும் வாரிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் அளந்த முக்கால் படியும் அன்றைக்கு உலையில்தான் போனது.

பாத்திரம் போனாலும் கணக்கு நின்றது. ஒரு படியில் இரண்டு அரைப்படி. அப்படியென்றால் முக்கால் படியில், அந்த இரண்டில் முக்கால் பங்கு. அதனால்தான் இரண்டால் பெருக்குகிறோம். இது அந்தப் பெண் சொன்னது. சொன்னதும் அவளே அடுத்த கேள்வியையும் கேட்டாள்: "அரைக்கு சரிக்கா. மூன்றில் இரண்டு பங்குன்னா? அப்ப ரெண்டு ஏன் கீழ போவுது?"

காகிதத்தில் ஒரு படியை வரைந்து மூன்றாகக் கோடு போட்டேன். ஒரு பங்கு பிடிக்கிற டம்ளர் என்றால் மூன்று டம்ளர் வரும். டம்ளர் இரண்டு பங்கு பிடிக்கிறதாக இருந்தால் அதில் பாதி, ஒன்றரை டம்ளர்தான் வரும். மூன்றால் பெருக்கி, இரண்டால் வகுக்கிறோம். மூன்றின் மேல் இரண்டு இல்லை, இரண்டின் மேல் மூன்று. தானாகவே தலைகீழாக வந்து நின்றிருந்தது. என்னை யாரும் எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தும்மல் வருவதுபோல் பாவனை செய்து துப்பட்டாக்காரியிடம் கைக்குட்டை வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

சாப்பாடு அரை மணி நேரம் தாமதம். அதற்கு யார் காரணம் என்று பரிமாறும்போது அக்கா எல்லா வரிசைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

மதியம் ஒவ்வொரு குழுவும் முன்னால் போய்ச் சொல்லிக் காட்ட வேண்டும். தலைமை ஆசிரியர் போவார் என்று நினைத்தேன். "கை தூக்கினது நீங்கதானே முதல்ல? நீங்க போங்க டீச்சர்" என்றுவிட்டார். போய் நின்று முக்காலும் அரையும் சொன்னேன். மூன்றில் இரண்டு வரும்போது நாக்கு குழறியது. மூன்றால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுக்க வேண்டும் என்று சொல்லி, உடனே திருத்திக்கொண்டேன். பின் வரிசையிலிருந்து ஒருவர், "ரெண்டு பங்குன்னா ரெண்டால பெருக்கத்தானே செய்யணும், நீங்க ஏன் வகுக்கிறீங்க?" என்று கேட்டார். மடக்குவதற்காகக் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

நான் சொன்னேன்: "சார், காலையில உங்க எல்லாருக்கும் டீ ஊத்தினது நான்தான். சின்ன டம்ளர், ஒரு பானை டீ நாப்பது பேருக்கு வந்துச்சு. ரெண்டு மடங்கு பெரிய டம்ளர் வெச்சிருந்தா எத்தன பேருக்கு வந்திருக்கும்?"

"இருபது" என்றவர், சொன்ன மாத்திரத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டார். "டம்ளர் பெருசானா எண்ணிக்கை குறையுது!" அறை சிரித்தது. நானும் சிரித்தேன். சாப்பாட்டுக் குழுவில் இருந்தது வீண்போகவில்லை.

மறுநாள் நான் சமையற்கட்டுப் பக்கம் போகவில்லை. முன் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். புறப்படும்போது தலைமை ஆசிரியர் வேனின் ஜன்னல் வழியே, "இந்த ஒரு வருஷம் ஆறாங்கிளாஸ் கணக்க நானே எடுக்கப் போறேன் டீச்சர்" என்றார். சொன்னபடி செய்தார். நடுவில் ஒருநாள் ஃபோன் செய்து, இத்தனை வருஷத்தில் தன் வகுப்பில் பிள்ளைகள் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை என்றார். சத்தம் தாங்க முடியவில்லை என்று அவர் குறைபோலச் சொன்னாலும் குரலில் குறை இல்லை.

பள்ளி திறந்து அந்தப் பாடம் வந்தபோது நான் டம்ளர்களோடு போனேன். தண்ணீர் ஊற்றி அளந்து, கொட்டி, வகுப்பறை முழுக்க ஈரம். பிள்ளைகளே விதிக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசியில், "போன வருஷம் வரைக்கும் எனக்கே இது தெரியாது. தெரியாமதான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன், வாய் சொல்லிவிட்டது.

ஜன்னலோரம் இருந்த ஒருத்தி நிதானமாகக் கேட்டாள்: "அப்ப வேற இன்னா இன்னாலாம் உங்களுக்குத் தெரியாது டீச்சர்?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் பலகையின் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, 'டீச்சருக்குத் தெரியாதவை' என்று தலைப்பு எழுதினேன். பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்பது முதலாவது. விதி தெரியும், பிள்ளைகளுக்குக் காட்டத் தெரியாது. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்பது இரண்டாவது. மூன்றாவதைப் பிள்ளைகள் சேர்த்தார்கள்: மழை பெய்யும்போது பேருந்து ஏன் வராது. அது கணக்கு இல்லை என்றேன், அழிக்க விடவில்லை.

முதலாவதை இந்த மாதம் முடித்துவிட்டோம். இரண்டாவதற்கு இன்னும் எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. கலசப்பாக்கத்துப் பெண்ணுக்கும் கிடைக்கவில்லையாம், நேற்று செய்தி அனுப்பியிருந்தாள்.