பெட்டையை மாற்றிப் பார்த்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜோசப் வாத்தியார் கற்கண்டுப் பொட்டலத்தோடு என் வீட்டுக்குள் நுழைந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஸார், முதல்ல வாயைத் திறங்க! நீங்க குடுத்த பெட்டை குஞ்சு பொரிச்சிருச்சு. எல்லாம் கொழுகொழுன்னு இருக்கு!"

கானரிக் குருவிக் குஞ்சுகளைத்தான் சொன்னார். நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வாத்தியாருக்குக் காப்பி கொண்டுவந்த என் தங்கை, டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கற்கண்டு எனக்குக் கசந்துவிட்டது.

ஏன் என்று கேட்கிறீர்களா? முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

கொழும்பில் கடை வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவர் ஊருக்கு வந்தபோது ஒரு ஜோடி கானரி கொடுத்தார். ஆண்குருவி தொண்டையை உப்பிக்கொண்டு பாட ஆரம்பித்தால், தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். சமஸ்தான ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிறவன் வீட்டு வாசலில் வேறு எதற்காக ஆள் நிற்கப் போகிறார்கள்? எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

குஞ்சு எடுத்து ஊரெல்லாம் கொடுக்க ஆசைப்பட்டேன். ஆசாரியைக் கூப்பிட்டுக் கம்பி வலை போட்ட பெரிய கூண்டு செய்தாயிற்று. எறும்பு ஏறாமல் கூண்டின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம். கூடு கட்டத் தேங்காய்ச் சிரட்டை, பஞ்சு. வெயில் ஏறினால் மேலே ஈரச் சாக்கு. தினை, கீரை, அப்புறம் அவித்த முட்டையின் மஞ்சள் கரு... எங்களுடையதோ முட்டை புழங்காத வீடு! கொல்லையில் தனி அடுப்பு, தனிச் சட்டி. இத்தனையும் நான் செய்தேன் என்றா நினைக்கிறீர்கள்? யோசனை சொன்னது நான். செய்தது என் தங்கை.

அவளைக் கறம்பக்குடியில் கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. போன பொங்கலுக்குக் கொண்டுவந்து விட்ட மாப்பிள்ளை, திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு போகவே இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

பெட்டைக் குருவி முட்டையிட்டது, அடையும் காத்தது. குஞ்சு வரவில்லை. முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் – உள்ளே ஒன்றும் இல்லை. மறுபடி இட்டது. மறுபடியும் கூமுட்டை.

நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன் – பெட்டை சரியில்லை. இவ்வளவு அருமையாகப் பாடுகிற ஆணிடம் குறை இருக்குமா என்ன?

ஜோசப் வாத்தியாரிடம் ஒண்டியாக ஓர் ஆண்குருவி இருந்தது. பாட்டுச் சுமார், பாதி நாள் வாயே திறக்காது. 'துணைக்கு இருக்கட்டும்' என்று அந்தப் பெட்டையை அவரிடம் தள்ளிவிட்டு, கொழும்பிலிருந்து வேறு பெட்டை வரவழைத்தேன். பழைய பெட்டையை வாத்தியார் எடுத்துக்கொண்டு போனபோது தங்கை வாசல்வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். புதுப் பெட்டையும் கூமுட்டைதான் இட்டது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா? மூன்றாவது பெட்டைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்!

இந்தச் சமயத்தில்தான் – இரண்டு வாரத்துக்கு முன்பு – மாப்பிள்ளை வெற்றிலைத் தட்டோடு வந்தார்.

இரண்டாங் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர், மூத்தவளின் பிறந்த வீட்டுக்குத் தட்டுக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். அண்ணன்காரன் தட்டை வாங்கிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் வாய் திறக்க முடியாது.

மாப்பிள்ளை வந்த விஷயத்தைச் சொல்லத் தயங்கினார். கூண்டைப் பார்த்து, "குஞ்சு பொரிச்சிருச்சா மச்சான்?" என்று பேச்சுக் கொடுத்தார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "பழைய பெட்டை லாயக்கில்லை மாப்பிள்ளை. எத்தனை நாளைக்குத்தான் பாக்கிறது? மாத்திட்டேன்."

"அதேதான் மச்சான் நானும் சொல்ல வந்தேன்" என்று தட்டை நீட்டினார்.

அதற்குப் பிறகு நான் என்ன பேசுவது? வாங்கிக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் தங்கை நின்றிருந்தாள்.

இப்போது தெரிகிறதா, கற்கண்டு ஏன் கசந்ததென்று? ஜோசப் வாத்தியார் போன பிறகு, அவள் காலி டம்ளரை எடுக்க வந்தாள்.

"அண்ணே, பெட்டையை மாத்தி மாத்திப் பாத்தீங்க. ஆணை மாத்திப் பாக்கணும்னு ஒரு தடவைகூடத் தோணலையா?"

"நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே..."

"கறம்பக்குடில சொன்னேனே! லேடி டாக்டர் எனக்கு ஒரு குறையும் இல்லேன்னுட்டாங்க. 'அப்ப நீங்களும் ஒருக்கா டாக்டரைப் பாருங்க'ன்னு அவுககிட்டச் சொன்னேன். அதுக்குத்தான் இங்கிட்டுக் கொண்டாந்து விட்டாங்க."

எனக்குக் கூசிப்போயிற்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, என் குருவிக்கு முட்டை அவித்துக் கொடுத்துக்கொண்டு, இவ்வளவையும் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறாள். குருவி ஏன் வாடியிருக்கிறது என்று தினமும் விசாரித்த நான், இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாப்பிள்ளையிடம்தான் குறை என்று சாதிக்க வரவில்லை. எனக்கு அது தெரியாது. தெரியாமலே தங்கையிடம்தான் குறை என்று எப்படி முடிவுகட்டினேன்? சத்தமாகப் பாடுகிறவன் மேல் நம்மில் யாருக்குமே சந்தேகம் வருவதில்லை. அடைகாக்கிறவள் மேல் உடனே வந்துவிடுகிறது. வெட்கக்கேடு! படித்தவன், பத்திரிகையில் எழுதுகிறவன் என்று நாலு பேர் மதிக்கிற எனக்கே இந்த லட்சணம்.

"நாளைக்கே கறம்பக்குடி போயி தட்டைத் திருப்பிக் குடுத்துட்டு வாரேன்" என்றேன்.

அவள் எடுத்த டம்ளரைத் திரும்பக் கீழே வைத்தாள். "குடுங்க அண்ணே. ஆனா என்னையத் திரும்பச் சேத்துக்கச் சொல்லிக் கெஞ்சிட்டு வந்துறாதீங்க. வாங்குனது தப்புன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க. நான் போறதா இருக்கிறதான்னு நான் பாத்துக்கிறேன்."

திங்கட்கிழமை லீவு போட்டு பஸ் ஏறினேன். கல்யாணம் நிற்குமா? தெரியாது. மாப்பிள்ளை தட்டைக் கையில் வாங்கவில்லை. வாசலில் வைத்து, தங்கை சொன்னதைச் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்து மனிதர்கள், வாங்கிய தட்டைத் திருப்பிய அண்ணன் என்று இனி என்னைப் பேசுவார்கள். பேசட்டும்.

வீட்டுக்கு வந்ததும், இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். அதையாவது கேட்டேனே!

"எழுதுங்க. எம்பேரைப் போட வேணாம். ஒங்க பேரைப் போடுங்க."

இந்த வாரம் என் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்லி ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.