உச்சி நிழல் வரைக்கும் சாமிக்கு

உப்பளத்தைப் படம் எடுக்கப் போனவன் ஒரு காட்டோரத்தில் பொக்லைனைக் காவல் காத்துவிட்டு வந்தேன். 2006 பிப்ரவரி, இரண்டாம் சனிக்கிழமை, அலுவலக விடுமுறை. சென்னையிலிருந்து காலை 5.15 பேருந்து, மரக்காணம் 120 கி.மீ., டிக்கெட் 42 ரூபாய். எட்டு மணிக்கு உப்பளத்தில் இருந்தேன். எட்டரைக்கே உப்பின் வெள்ளை கண்ணைக் கூசவைக்க, டீக்கடைக்கு ஓடி வந்தேன். கடைக்காரர்தான், "கீழ்புத்துப்பட்டு போங்க, உள்ளார ஒரு கோயில் காடு இருக்குது, ஜில்லுன்னு இருக்கும்" என்றார்.

டவுன் பஸ், 20 கி.மீ., ஏழு ரூபாய். இறங்கி மேற்கே மூன்று கி.மீ. நடை. பத்து மணிக்குக் காட்டின் கிழக்கு ஓரத்தை அடைந்தபோது அங்கே ஒரு பொக்லைன் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றிருந்தது. டிரைவர் அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார். நிலத்துக்காரர் ஏழுமலையும் அவர் மனைவி செல்வியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காட்டை ஒட்டி ஏழுமலைக்கு இரண்டரை ஏக்கர். அதில் இரண்டு ஏக்கரில் போர் போட்டு வருஷம் மூன்று போகம் எடுக்கிறார். மீதி அரை ஏக்கர் காரைப்புதரும் நாவலுமாக, காட்டோடு காடாகக் கிடக்கிறது. அதை அன்று அழித்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

"தர்பூசணிய ஒரே மண்ணுல திரும்பப் போட்டா கொடி வாடிடுதுங்க. போன வருஷம் பாதிக் கொடி போச்சு. புது மண்ணுன்னா இதான் இருக்குது. என் பட்டா நிலந்தாங்க" என்றார் என்னிடம்.

காட்டைக் காப்பாற்றுங்கள் என்று பிரசங்கம் பண்ண வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மெரினாவில் தர்பூசணிக் கீற்று வாங்கித் தின்பவன் நான்.

பிரச்சினை பட்டா அல்ல, ஊர்க் கட்டுப்பாடு. கோயில் மரத்தில் ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது. அந்த மரங்களின் உச்சி வேளை நிழல் விழுகிற வரை யார் நிலமானாலும் கைவைக்கக் கூடாது. டிரைவரும் அந்தப் பக்கத்து ஆள்.

"நிழல் பார்க்காம நான் எடுக்க மாட்டேங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்குது."

செல்வி சிரித்துவிட்டார். "ஒம்போது மணிக்கு வண்டிய வரச் சொன்னாரு. அந்நேரத்துக்கு நிழல் எந்தப் பக்கம் விழும்னு கேளுங்க சார்." காடு மேற்கே இருக்கிறது, காலையில் நிழல் காட்டுக்குள்ளேயே விழும். அரை ஏக்கர் முழுக்க வெயில். மனிதர் கணக்காகத்தான் யோசித்திருக்கிறார்.

ஏழுமலை தலையைச் சொறிந்தார். செல்வி குரலைத் தணித்து, "ரோட்டுப் பக்கம் ரெண்டு போர்ல உப்பு வந்துடுச்சு. நம்ம தண்ணி இன்னும் நல்லாக்குது. காட்டுக்குள்ள குளம் இருக்கறதாலதான்னு எனக்குத் தோணுது. இத்தையும் அழிச்சிட்டு மூணு போகம் எங்கேந்து எடுப்ப?" என்றார். குளத்தால்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் காத்திருந்தோம். பன்னிரண்டு இருபதுக்குச் சூரியன் உச்சிக்கு வந்ததும் ஏழுமலை ஒரு சட்டியில் சுண்ணாம்புத்தூளை எடுத்துக்கொண்டு மரநிழலின் விளிம்பிலேயே கோடு போட்டபடி நடந்தார். வருஷக்கணக்காக யாரும் கழிக்காத கிளைகள் அவர் நிலத்துக்குள் வெகுதூரம் நீண்டிருந்தன. ஓரிடத்தில் காற்றில் ஒரு கிளை ஆட, நிழல் முன்னும் பின்னும் போய்வந்தது. அங்கே நின்றார். காற்று அடங்கட்டும் என்று பார்க்கிறார், ஒரு முழம் லாபம் என்று நினைத்தேன். அடுத்த காற்றில் நிழல் எட்டிய கடைசி இடத்தில் சுண்ணாம்பைப் போட்டார்.

"ஏங்க அங்க?" என்றேன்.

"அது வந்து போற எடமாச்சே."

கோட்டுக்கு இப்பால் முப்பது சென்ட் அவருக்கு, அப்பால் இருபது சென்ட் காட்டுக்கு. பொக்லைன் முப்பதைத் தரைமட்டமாக்கியதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு கீரி குறுக்கே ஓடிக் கோட்டைத் தாண்டியது.

போகிறவர்களுக்கு: உப்பளத்துக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். குடிதண்ணீர் இரண்டு பாட்டில், மூன்று கி.மீ. நடையில் கடை கிடையாது. காட்டிலிருந்து பழமோ இலையோ எடுத்து வராதீர்கள். மே மாதம் போனால் கிழக்கு ஓரத்தில் ஏழுமலையின் தர்பூசணிக் கொல்லை காய்த்திருக்கும். ஒரு பழம் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். மீதி இருபது சென்ட்டின் விலையும் அதில் அடக்கம்.