அப்பா மதுரைக்கு பஸ் ஓட்டிய கதை

எங்கள் அப்பா பஸ் ஓட்டினார். ஆனால் அவர் ஓட்டிய பஸ்ஸில் யாரும் ஏற முடியாது. கூரை கிடையாது, பக்கச் சுவர் கிடையாது, முன்கண்ணாடி கிடையாது. எஞ்சின், ஸ்டியரிங், சக்கரங்கள், பின்னால் நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள். அவ்வளவுதான். அதற்கு சேஸிஸ் என்று பெயர். அதைத் தொழிற்சாலையில் வாங்கி, கரூரிலோ பெங்களூரிலோ பாடி கட்டும் பட்டறையில் கொண்டுபோய் விடுவதுதான் அப்பாவின் வேலை. பலகை ஒன்றைக் கயிற்றால் கட்டி அதன்மேல் உட்கார்ந்து, வெயில் மழை புழுதி எல்லாவற்றையும் முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டுவார். மூக்கும் வாயும் மறையத் துண்டைக் கட்டிக்கொள்வார். நசரத்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது துண்டும் கண்ணாடியும் மறைத்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். குளிக்காமல் அம்மா உள்ளே விடமாட்டாள்.

பள்ளிக்கூடத்தில் "எங்கப்பா பஸ் டிரைவர்" என்று சொல்லி வைத்திருந்தேன். "எந்த நம்பர் பஸ்?" என்று பக்கத்தில் உட்காருகிறவள் கேட்டாள். "புது பஸ்ஸுடி, இன்னும் நம்பர் போடல" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை என்று இன்றைக்கும் வாதாடுவேன். ஆனால் ஒருநாள் அவளும் நானும் பள்ளி விட்டு வரும் வழியில் நான்கு சேஸிஸ்கள் வரிசையாகப் பெங்களூர் ரோட்டில் போயின. இரண்டாவதில் இருந்து துண்டு கட்டிய முகம் ஒன்று எனக்குக் கையாட்டியது. அவள் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாடி, உங்கப்பா பஸ்ஸ யாரோ உரிச்சிட்டாங்க போல கீது!" அதன்பிறகு அந்த வருஷம் முழுக்க நான் அப்பாவின் வேலையைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வருஷ முழுப்பரீட்சை விடுமுறையில்தான் எங்கள் தெருவே சேர்ந்து ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்துத் திருச்செந்தூருக்குக் கிளம்பியது. ஏற்பாடு பெரியப்பா. தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில், முதன்முதலில் பேன்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர் அவர். அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். கழுத்தில் விசில் மாட்டியிருந்தார். அதை அவர் ஊதினால் பஸ் நிற்கும், ஊதினால் கிளம்பும். அப்பா ஏழாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாராவது அவர் வேலையைப் பற்றிக் கேட்டால், அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொள்வார். "நம்ம தம்பிக்கு இன்னா கவல? காத்து வாங்கினே ஓட்டுவான்." எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

திருச்சி தாண்டி, விராலிமலை தாண்டி, நல்ல உச்சிவெயிலில் பஸ் தள்ளாடி ஓரமாக நின்றது. பெரியப்பா விசில் ஊதவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை. இறக்கிப் புளியமர நிழலில் படுக்க வைத்தார்கள். மனிதர் புழுவாகத் துடித்தார். நான்கு வழிச்சாலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த இடம் அது. போன் செய்தால் ஓடிவரும் ஆம்புலன்ஸ் எல்லாம் அப்போது கிடையாது. கை காட்டிய கார்கள் நிற்கவில்லை. பெரியப்பா தன் செல்போனில் பஸ் முதலாளியைப் பிடித்தார். மதுரையில் தெரிந்த டிரைவர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பிடித்து அனுப்ப மூன்று மணி நேரமாவது ஆகும் என்றார் முதலாளி. கிளீனருக்கு லைசென்ஸ் இல்லை. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்கப்பா ஓட்டுவாரு" என்று கத்தினேன்.

"ஏய், சும்மா இருடி" என்று அம்மா என் கையைக் கிள்ளினாள். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. திருடி மாட்டிக்கொண்டவர் பார்ப்பதுபோல இருந்தது.

பெரியப்பா தலையை ஆட்டினார். "அது வேற, இது வேற. அது வெறும் இரும்பு. இதுல நாப்பத்தஞ்சு உசுரு கீது. தெரியாம எதுனா ஆயிட்ச்சினா?"

 அண்ணனை எதிர்த்துப் பேசும் வழக்கம் அப்பாவுக்கு இல்லை. கீழே கிடந்த டிரைவர்தான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கினார்.

"அண்ணாத்தே, ஹெவி லைசென்ஸ் கீதா?"

"கீது."

"பேட்ஜு?"

அப்பா சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். அதன் உள்ளறையிலிருந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த பேட்ஜை எடுத்துக் காட்டினார். பயணிகள் வண்டி ஓட்டுகிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்வது அது. ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது.

"அப்புறம் இன்னாத்துக்கு நின்னுகினு கீற? சாவி வண்டிலயே கீது. என்னத் தூக்கிப் போட்டுனு கெளம்பு."

அப்பா ஏறி உட்கார்ந்தார். சீட்டை முன்னால் இழுத்தார். அப்படியும் போதவில்லை, அம்மாவிடம் போர்வையை வாங்கி மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். கடைசியாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கை மூடி இறுக்கமாகக் கட்டினார்.

 பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "தம்பி, முன்னாடி கண்ணாடி கீது." அப்பா வெட்கத்தோடு துண்டை அவிழ்த்தார். அவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

முதல் பத்து நிமிஷம் எல்லோரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெரியப்பா விசிலை வாயில் வைத்தபடி எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றார். ரோடு வேலைக்காக மண்பாதையில் இறக்கிவிட்ட இடங்களில் அப்பா பஸ்ஸை மெதுவாக இறக்கி மெதுவாக ஏற்றினார். எதிரே மணல் லாரி ஒன்று பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு வந்தபோது, பின்னால் பார்த்துப் பார்த்து, பள்ளத்தின் விளிம்பு வரை ரிவர்ஸில் போய் நிறுத்தி வழிவிட்டார். லாரிக்காரர் கையைத் தூக்கிக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பெரியப்பா விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

கொட்டாம்பட்டி வருவதற்குள் யாரோ புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். வாசனை வந்தது. மேலூர் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். பாதிப்பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள். உரித்த பஸ் ஓட்டுகிறவரை நம்பி ஒரு தெருவே தூங்குகிறது! பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மட்டும் அந்த பஸ்ஸில் இல்லாமல் போனாளே என்று எனக்கு ஆறவே இல்லை.

மதுரை ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார் அப்பா. சிறுநீரகத்தில் கல், நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்றார் டாக்டர். பெரியப்பா அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.  பிறகு எல்லோருக்கும் டீ சொல்லப் போய்விட்டார். முதலாளி அங்கே வரச் சொல்லியிருந்த மாற்று டிரைவரிடம் அப்பா சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஏழாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது. "நீயே ஓட்டுப்பா" என்றேன். "அது அவர் வேலம்மா" என்று மட்டும் சொன்னார்.

பல வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமாகி நூம்பலில் குடித்தனம் வந்த பிறகு, ஏதோ பேச்சில் அம்மா சொன்னாள். அப்பா அரசு பஸ் டிரைவர் வேலைக்கு இரண்டு முறை மனுப் போட்டிருக்கிறார்; இரண்டு முறையும் சுவரோடு நிற்க வைத்து அளந்து பார்த்து, உயரம் பற்றவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சேஸிஸ் ஓட்டப் போனது அதற்குப் பிறகுதான். அன்றைக்கு மதுரைக்கு ஓட்டியதுதான் அவர் வாழ்நாளில் ஆட்களை ஏற்றி ஓட்டிய ஒரே பஸ்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மேலூருக்குச் சற்று முன்னால், எங்கள் எதிர்வீட்டு அக்கா தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். தினமும் அப்பாவை "அண்ணா" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர். அன்றைக்கு அவசரத்தில், "டிரைவரே, டிரைவரே! கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க, புள்ள வாந்தியெடுக்குது" என்று கத்தினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கப்பாவைப் போய், யாரோ ஒருவரைப் போல, டிரைவரே என்று கூப்பிடுகிறாரே! அப்பாவுக்கும் வலித்திருக்கும் என்று அவரைப் பார்த்தேன். அவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அந்த அக்காவைப் பார்த்து, "இதோம்மா, நிறுத்திட்டேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு குழந்தை வாந்தி எடுப்பதில் இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.