உடைமுள் போட்டு மூடிய குழி

என் இடது கையை முறித்தது ஆடு மேய்க்கிற ஒரு பெண். முதல் அடி முழங்கைக்குக் கீழே விழுந்தது. சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அடி தோளில், மூன்றாவது முதுகில். நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தூக்க முடியவில்லை என்பது பாதி. அவள் அடிப்பதில் நியாயம் இருந்தது என்று எனக்குத் தெரியும் என்பது மீதி.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோவில்பட்டியில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருந்தேன். அதே பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவன் என் கூட்டாளி. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பதுக்குள். ஒரு கிராமத்தில் கிணறு தோண்டுகிற இடத்துக்குக் கம்ப்ரஸர் ரிப்பேருக்குப் போனவன், வெடி வைத்துப் பிளந்த பாறையிலிருந்து விரல் நீளப் பளிங்குக் கல் ஒன்றைப் பொறுக்கி வந்தான். ஆறு பட்டை, நுனியில் கூர். பட்டறையில் இருந்த கோணமானியை வைத்துப் பார்த்தேன். ஆறு மூலையும் நூற்றிருபது டிகிரி. நான் நாள் பூராவும் மெஷினில் நின்று ஆறு பட்டை போல்ட் தலை கடைகிறவன். யாரும் கடையாமல் மண்ணுக்குள் ஒன்று இப்படி வளர்ந்திருக்கிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் வேண்டும் என்று தோன்றியது.

கரிசலில் கல் கிடைக்காது. ஆனால் எப்போதும்வென்றான் என்கிற ஊரைத் தாண்டிப் போனால் கரிசலுக்கு நடுவே செம்மண் சரள் மேடுகள் வரும். அங்கே மேடு முழுக்க, பளிங்கு விளைகிற வெங்கச்சங்கல் வெள்ளை வெளேரென்று சிதறிக் கிடக்கும். சித்திரை வெயிலில் அதன் மேல் நடந்தால் வெயில் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் அடிக்கும். நிழல் என்று சொல்ல, குடை மாதிரிப் படர்ந்த உடைமரம் மட்டும். அதிலும் விரல் நீள முள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுடைய டிவிஎஸ் ஃபிஃப்டியில் சம்மட்டி, உளி, கடப்பாரை, சாக்கு, இரண்டு கேன் தண்ணீர் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்புவோம்.

நான் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கோடு எங்கே ஓடுகிறது என்று தேடி, அங்கே உளியை வைத்து ஒரு தட்டு தட்டுவேன். அவன் அப்படியில்லை. தலைக்கு மேலே சம்மட்டியைத் தூக்கி, பகையாளியை அடிக்கிற மாதிரி அடிப்பான். சில்லு பறக்கும். ஒரு சில்லு என் புருவத்தைக் கிழித்தது. இன்னொன்று அவனுடைய உதட்டை. எத்தனையோ நல்ல பளிங்குகள் அவன் அடியில் மாவாகிப் போயின.

"கொஞ்சம் பையத் தட்டேம்லே," என்பேன்.

"அது என்ன உன் பொண்டாட்டியா," என்பான்.

வெட்டுகிற மெஷினை நாங்களே செய்தோம். பழைய கிரைண்டர் மோட்டார், டைல்ஸ் வெட்டுகிற வைர பிளேடு, மேலே தொங்கவிட்ட குளுக்கோஸ் பாட்டில். அதன் டியூப் வழியாகத் தண்ணீர் பிளேடில் சொட்டும். என் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்திருந்தோம். ஒருநாள் அவன் கல்லைச் சாய்த்துப் பிடித்துவிட்டான். பிளேடு சிக்கி உடைந்து, ஒரு துண்டு அவன் முன்னங்கையில் ஏறி நின்றது. அவன் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட அந்தக் கல்லைத் தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்தான். அது பொடியாகும்வரை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகுதான் கையைக் கட்ட விட்டான். அன்றைக்கே நான் அவனைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆனால் மெருகு ஏற்றும் நேரத்தில் எனக்கு வேறெதுவும் நினைவில் இருக்காது. வெட்டிய துண்டை அரக்கு வைத்துக் குச்சி நுனியில் ஒட்டி, முதலில் முரட்டு எமரிப் பொடியிலும் பிறகு நைஸ் பொடியிலும் தேய்ப்பேன். கடைசியாக, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸுக்குப் போடுகிற பழுப்புப் பொடியைத் தோலில் தடவி அதில் தேய்ப்பேன். முதல் ஒரு மணி நேரம் கல் மங்கலாகத்தான் இருக்கும். பிறகு ஏதோ ஒரு கணத்தில் திறந்துகொள்ளும். புகை நிறத்துக்குள்ளே ஒரு விரிசல் வெள்ளி மாதிரி மின்னும். அதைப் பார்ப்பதற்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

அந்த வருஷம் பங்குனியில் மேட்டின் தென்சரிவில் ஒரு பொந்து அகப்பட்டது. வெங்கச்சங்கல் நரம்பு ஓரிடத்தில் வாய் பிளந்து, உள்ளே புகை நிறப் பளிங்குகள் பல்வரிசை மாதிரி நின்றன. நான்கு ஞாயிறு தோண்டினோம். குழி ஆளுயரத்துக்கு இறங்கிவிட்டது. அடியில் உடைந்த கல்லெல்லாம் கத்தி மாதிரி நிமிர்ந்து நின்றது. வேறு யாராவது பார்த்துவிடுவார்கள் என்று எங்களுக்குப் பயம். அவன் பக்கத்து உடைமரத்தில் கொப்புகளை வெட்டினான். நான் அவற்றைக் குழி தெரியாதபடி பரப்பினேன். கொப்பெல்லாம் நெற்று, காய்ந்து தொங்குகிற காய். உடை நெற்று என்றால் ஆட்டுக்கு உயிர் என்பது அந்தப் பக்கம் பிறந்த யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது மேட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். கீழே அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவர்கள். அவர் குழிக்குள் நின்றார், மார்பெல்லாம் ரத்தம். அவருடைய ரத்தமில்லை. மேலே இரண்டு ஆடுகள் செத்துக் கிடந்தன. ஒன்று கழுத்து மடங்கியது. மற்றது சினை ஆடு, வயிற்றில் கல் ஏறிக் கிழிந்திருந்தது. மூன்றாவது ஒன்று முதுகு ஒடிந்து குழிக்குள் கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் வண்டியை நிறுத்தும்போதே அந்தச் சத்தம் கேட்டது. வண்டியிலிருந்து இறங்கும்போது நின்றுவிட்டது. அவர் அதன் கழுத்தை அறுத்திருந்தார்.

அந்தப் பெண் வண்டியில் கட்டியிருந்த கடப்பாரையைப் பார்த்தாள்.

"இந்தக் குழிய வெட்டுனது யாருலே?"

என் கூட்டாளி, "எங்களுக்கு என்ன தெரியும், நாங்க இப்பந்தான வாறோம்," என்றான். சொல்லும்போது சிரித்தான். பயத்தில் வந்த சிரிப்பு என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்.

"சினை ஆட்டக் கொன்னு போட்டுட்டு சிரிக்கியா," என்று கேட்டுக்கொண்டே அவள் தொரட்டியைத் திருப்பிப் பிடித்தாள். நெற்று உலுக்குகிற நீளக் கம்பு அது. வீசினாள். அவன் குனிந்தான். நான் பின்னால் நின்றிருந்தேன்.

நான் விழுந்தபோது டிவிஎஸ் ஃபிஃப்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவன் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவே இல்லை.

குழியிலிருந்து ஏறி வந்த அவளுடைய புருஷன்தான் கம்பைப் பிடித்து நிறுத்தினார். என் பக்கத்தில் உட்கார்ந்து, தொங்கிய கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எந்திரி. ரோட்டுல கொண்டுபோய் விடுதேன்," என்றார்.

"அண்ணாச்சி, நாங்க வேணும்னு செய்யல."

"வேணும்னு செஞ்சிருந்தா உன்ன இந்தக் குழியிலயே போட்டிருப்பேன். எந்திரி."

சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே வந்து பஸ் ஏற்றிவிட்டார். அவர் கையிலிருந்த ஆட்டு ரத்தம் என் சட்டையில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அது என்னுடைய ரத்தம் என்று நினைத்து எங்கே காயம் என்று தேடினார்கள்.

கட்டுப் போட்டு மூன்றாம் நாள் கூட்டாளி என்னைப் பார்க்க வந்தான். ஏன் ஓடினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. அவன் நிற்கமாட்டாமல் அங்கும் இங்கும் நடந்தான்.

"ஒரு பொம்பள கையால அடிவாங்கிட்டுப் படுத்துக் கெடக்க. ஊருக்குள்ள எப்படிலே நடக்க?"

"தப்பு நம்மளுது."

"தப்பு என்ன தப்பு. கிடை எந்தக் காட்டுல போட்டிருக்காங்க?"

அவன் எதற்குக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். கை விண்விண்ணென்று தெறித்தது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அவள் முகம் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. எனக்குள்ளும் அவளை யாராவது அடிக்க மாட்டார்களா என்று ஒரு மூலையில் இருந்திருக்கிறது. சொன்னேன். மேட்டுக்குக் கிழக்கே, கண்மாய்க்கரை ஓரத்துக் காடு என்று சரியாக அடையாளம் சொன்னேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டறையில் கூட வேலை பார்க்கிற ஒருவர் வீட்டுக்கு வந்தார். "அவன் இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு சம்மட்டியோட போறான். உனக்குத் தெரியுமா?" என்றார். நான் சட்டையை ஒரு கையில் மாட்டிக்கொண்டு ஓடினேன். அவருடைய மோட்டார் சைக்கிளிலேயே என்னைக் கொண்டுபோனார்.

நாங்கள் போய்ச் சேரும்போது கிடை கலைந்திருந்தது. ஆடுகள் காடு முழுக்கச் சிதறிக் கத்தின. அவர்கள் படுக்கிற ஓலைக் கூண்டு எரிந்துகொண்டிருந்தது. ஆட்டுக்காரர் வெடித்த கரிசல் தரையில் குப்புறக் கிடந்தார். காதிலிருந்து வழிந்த ரத்தம் மண் வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டாளியோடு வந்த இருவரும் தள்ளி நின்றார்கள். இவ்வளவு நடக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை போல. அவள் என் கூட்டாளியின் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். அவன் அவளை உதறித் தள்ளினான். தரையில் கிடந்தவருக்கு நேராகச் சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கினான்.

அவன் கல்லை அடிக்கப் போகிற நிலை அது. நூறு முறை பார்த்திருக்கிறேன்.

மேட்டிலிருந்து உருண்டு வந்து வரப்பு ஓரத்தில் கிடந்த ஒரு வெங்கச்சங்கல்லை எடுத்தேன். என் கை நிறைய இருந்தது. அவன் வலது மணிக்கட்டில், எலும்பு புடைத்து நிற்கிற இடத்தில் அடித்தேன். பார்த்துத்தான் அடித்தேன். எங்கே அடித்தால் பிளக்கும் என்று பார்த்துப் பழகிய கண். சம்மட்டி அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம். நான் மறுபடியும் அடித்தேன். அதற்கு அவசியமே இல்லை. அவன் கையிலிருந்து சம்மட்டி போய்விட்டது, அவன் முழங்காலில் உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் அதே இடத்தில் இன்னொரு அடி. என்னைக் கூட்டி வந்தவர் பின்னாலிருந்து இழுக்காவிட்டால் மூன்றாவதும் விழுந்திருக்கும். அந்த இரண்டாவது அடி எனக்கு இனித்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

அந்தப் பெண் புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இடத்தக் காட்டிக் குடுத்தது நீதான?"

"ஆமாக்கா."

அவள் ஒரு பிடி மண்ணை அள்ளி என் முகத்தில் எறிந்தாள். பிறகு, "வண்டியக் கொண்டா. அவியளத் தூக்கு," என்றாள்.

அவர் பிழைத்துக்கொண்டார். ஒரு காது மட்டும் கேட்காமல் போயிற்று. போலீஸ் ஸ்டேஷனில் நான் ஒன்றையும் மறைக்கவில்லை. குழி வெட்டியது, மூடியது, என்னைப் போட்டுவிட்டு அவன் ஓடியது, கிடை இருந்த இடத்தை நான் சொன்னது, அவன் கையை நான் உடைத்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எனக்கும் அவனுக்கும் தண்டனை கிடைத்தது. அவனுக்குக் கூடுதல். நான் வெளியே வந்த வாரத்தில் அவனுடைய சொந்தக்காரர்கள் நான்கு பேர் வந்து கொட்டகையை இடித்தார்கள். மெஷினை நொறுக்கினார்கள். மெருகேற்றிய கற்களை ஒவ்வொன்றாகச் சுவரில் எறிந்து உடைத்தார்கள். நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

குழியை மூடப் போனேன். யாரோ ஏற்கெனவே மூடியிருந்தார்கள். கிடை அந்தக் காட்டில் இல்லை. அந்த வருஷத்துக்குப் பிறகு அந்தப் புருஷன் பெண்டாட்டியை நான் பார்க்கவில்லை.

கூட்டாளியைப் பார்த்தேன். இரண்டாயிரம் தாண்டி சில வருஷம் கழித்து, மணியாச்சி ஜங்ஷனில், மத்தியானம். தூத்துக்குடி வண்டிக்குக் காத்திருந்தேன். ஒருவன் நேராக என்னிடம் நடந்து வந்து, இடது கையால் ஓங்கிக் கன்னத்தில் அறைந்தான். காதுக்குள் ரயில் ஓடுகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் முகம் தெரிந்தது. வலது மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அந்தக் கையால் வெல்டிங் ராடு பிடிக்க முடியாது என்று பார்த்த உடனே தெரிந்தது.

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். நான், "ஒண்ணுமில்ல, தெரிஞ்சவருதான்," என்றேன்.

அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது.

"கைய ஒடச்சத விடு," என்றான். "அது நான் செஞ்சதுக்குச் சரி. நான் ஓடிப்போனத ஏம்லே ஸ்டேஷன்ல சொன்ன? எங்க அப்பா அங்கன நின்னாரு."

அது எனக்குத் தெரியாது. அவனுடைய அப்பா அங்கே நின்றதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பேனா மாட்டேனா என்று இப்போதும் தெரியவில்லை.

"அவரு சாகுற வரைக்கும் எங்கூடப் பேசல," என்றான்.

வண்டி வந்தது. அவன் முன்பக்கப் பெட்டியில் ஏறினான். நான் அந்த வண்டியை விட்டுவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன்.