பாடகரின் கன்னத்து மச்சம்

எங்கள் வீட்டில் எல்லார் பனியனிலும் ஒரே முகம்தான். நீண்ட தலைமுடியும் கிடாருமாக ஒரு வெள்ளைக்கார ராக் பாடகர்; இடது கன்னத்தில் மிளகளவு மச்சம். திருப்பூர் மண்ணரையில் அப்பாவின் பிரிண்டிங் பட்டறையில் அச்சடித்தவை. அசல் முகத்தில் மச்சமே கிடையாது என்று ஆர்டர் கொடுத்த கம்பெனி மொத்தச் சரக்கையும் திருப்பிவிட, அது எங்கள் தலையில் விழுந்தது.

அச்சடித்தவர் என் தாய்மாமா. படம் அச்சடிக்கும் ஸ்கிரீனில் ஊசித்துளை விழுந்து மை ஒழுகியதைக் கவனிக்கவில்லை என்றார் அப்பா. மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தாளு மூஞ்சியிலயே மச்சம் இருக்குதுங்க. ஃபிலிமுல நான் பாத்தனுங்க" என்று சாதித்தார். அச்சுக்காகக் கம்பெனி கொடுத்த அந்தப் பட ஃபிலிமோ அவர்களிடமே திரும்பிப் போயிருந்தது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. "டீ வந்துருச்சுன்னு உன்ற மாமங்கிட்டச் சொல்லு" என்று, எதிரில் நிற்பவருக்கு என்னைத் தூது விடுவார் அப்பா. எனக்குச் சலித்தே போய்விட்டது.

அடுத்த வருஷம் அந்தப் பாடகரே ஓர் இசைத் திருவிழாவுக்காகப் பெங்களூர் வருவதாகப் பேப்பரில் போட்டிருந்தது. நேரில் பார்த்தே தீருவதென்று மாமா கிளம்பினார். தம்பியைத் தனியே விட மனமில்லாமல் அம்மாவும், அம்மாவை விட மனமில்லாமல் நானும் கூடப் போனோம்.

நாலு மணிக்கு வர வேண்டியவர் விளக்குப் போட்டபிறகுதான் வந்தார். வந்தவரோ முன்மண்டை வழுக்கையும் தொப்பையுமாக ஒரு கிழவர். முதல் பாட்டிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. அடுத்த பாட்டில் வரி மறந்து மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். அப்புறம் அவர் வாய் மூடியிருக்க, பாட்டு மட்டும் தானாக வந்துகொண்டிருந்தது. கடைசியில் நாற்காலி கேட்டு உட்கார்ந்தேவிட்டார். வெயிலில் நின்று கால் வலித்த எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் கச்சேரிக்காரர்கள் இவரைவிட எவ்வளவோ தேவலை.

மாமா பாட்டைக் கேட்கவே இல்லை. மேடையோரத்துப் பெரிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா நெருங்கியபோது, வியர்வை வழியும் இடது கன்னம் திரை முழுக்க வந்தது. சுருக்கம் இருந்தது, பவுடர் இருந்தது, மச்சம் இல்லை.

"மாமா, இவரு டூப்ளிகேட்டு! மச்சத்தையே காணோம்!" என்று கத்தினேன்.

"ஆமாங் கண்ணு" என்றார் மாமா. திருப்பூர் பஸ்ஸில் ஏறியதும் பனியனை மறைத்துத் துண்டைப் போர்த்திக்கொண்டார்.

காலையில் நாங்கள் வந்து சேர்ந்தபோது அப்பா வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அதிசயமாக, மாமாவைப் பார்த்தே கேட்டார்: "மச்சம் இருந்துச்சா?"

மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அவர் வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "இருந்துச்சுங்க. என்ற கண்ணால பாத்தனுங்க. மொளகாட்டம் இருந்துச்சு."

"இல்லவே இல்லீங்கப்பா" என்று ஆரம்பித்தேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளலில் மீதி வார்த்தை உள்ளேயே போனது.

அப்பா வாய் கொப்பளித்து நிமிர்ந்தார். மாமாவிடம், "உள்ள வந்து சாப்புடு மாப்ள" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவ்வளவு பெரிய திரையில் இல்லாத மச்சத்தை அம்மா எங்கே பார்த்தாள்? சண்டையில் ஜெயித்த மாமா எதற்காக இட்லித் தட்டின்மேல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்? பெரியவர்களுக்கெல்லாம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று அன்று முடிவு கட்டினேன்.