செங்கடல் வரை ஒரு புதிய பாதை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் கனடாவில், ஸ்காபரோவில் வளர்ந்தோர் பாடசாலையொன்றில் பண்டைய வரலாறு படித்தேன். ரோமில் எனக்கு எந்த ஆர்வமும் இருக்கவில்லை. கல்லூரியொன்றில் அச்சு வடிவமைப்புப் படிக்க விண்ணப்பித்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து என் சான்றிதழ்கள் வந்துசேரவில்லை. இங்கேயே ஒரு பாடத்தில் சித்தியடைந்து காட்டினால் செப்டெம்பரில் இடம் தருவதாகச் சொன்னார்கள். பிற்பகலில் இடம் மிச்சமிருந்த ஒரே வகுப்பு அதுதான். தவறினால் மோர்னிங்சைட் வீதிக்கு அருகே, நான் வேலை செய்த பெட்டி ஒட்டும் தொழிற்சாலையில் இன்னுமொரு வருடம்.

ஆசிரியை அறுபதை நெருங்கிய கனேடியப் பெண். ரோமானியர் போட்ட பாதைகளைப் பற்றிப் பேசும்போது, சொந்த மருமகன் கட்டிய வீட்டைக் காட்டுகிறவரைப் போல இருப்பார். எவ்வளவு நேர், எவ்வளவு உறுதி, மழைநீர் வடிய எவ்வளவு கச்சிதமான சரிவு. இறுதிக் கட்டுரைக்கு ஆளுக்கொரு பாதை கொடுத்தார். எனக்கு அரேபிய மாகாணத்தின் ஊடாகப் போனது கிடைத்தது.

பாறையைக் குடைந்து நகரம் அமைத்த நபாத்தியருக்கு அங்கே ஓர் அரசு இருந்தது. ஒரு நாள் அது இல்லை. ரோமானியப் படை வந்தது, போர் நடந்ததா என்பதே இன்றுவரை தெளிவில்லை. சில ஆண்டுகளில் பாதை முடிந்தது. வழிநெடுக நட்ட மைல்கற்களில் பேரரசனின் பட்டங்கள் நீளமாக வருகின்றன. அதன்பின், அரேபியாவை மாகாணமாக்கி, சிரிய எல்லையிலிருந்து செங்கடல் வரை புதிய பாதை திறந்து கல் பாவினான் என்ற தகவல். அவன் அடித்த நாணயத்தில் இன்னும் சுருக்கம்: அரேபியா பெறப்பட்டது. வென்றதாகக்கூட இல்லை. பெறப்பட்டது, தபாலில் வந்தது போல.

படித்ததும் எனக்குச் சொந்த ஊருக்குப் போனது போலிருந்தது. யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் பத்திரிகையில் செய்தி திருத்தியவன் நான். எந்தத் தரப்பு அறிக்கை அனுப்பினாலும் ஒரு சொல் மாறாமல் போடுவோம். ஒரு பகுதி 'துப்புரவு செய்யப்பட்டது' என்று அறிக்கை வந்தால், அதன் பக்கத்திலேயே எந்தெந்தப் பாடசாலைகளில் சனம் வந்து தங்கியிருக்கிறது என்ற பட்டியலை வைப்போம். அத்தோடு எங்கள் வேலை முடிந்தது. மிச்சத்தை வாசகர் பார்த்துக்கொள்வார். அபிப்பிராயம் எழுதியவர்கள் நீண்ட நாள் எழுதவில்லை.

கட்டுரையையும் அப்படியே செய்தேன். மைல்கல்லின் அறிவிப்பு முழுமையாக. நாணயத்தின் சொற்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு வரி: 'அதன்பின் நபாத்திய அரசனின் நாணயம் எதுவும் அடிக்கப்படவில்லை.' அந்த வரியை நினைத்து இரண்டு நாள் பெருமையாக இருந்தேன்.

ஆசிரியை பச்சை மையில் எழுதியிருந்தார்: தகவல்கள் நன்று, கட்டுரை இல்லை. என்னைக் கூப்பிட்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது எங்கே என்று கேட்டார். அந்த நாணய வரியைக் காட்டினேன். அது நாணயத்தைப் பற்றியதல்லவா என்றார். ஊரில் எங்கள் பத்திரிகைப் பக்கத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட சரியாக வாசிக்கும். இவரோ எழுதியதை மட்டுமே வாசித்தார். ஒரு வாரம் தந்தார், அதற்குமேல் தவறியதாகவே பதிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

திரும்ப எழுதினேன். இது படைக்காகப் போட்ட பாதை, மைல்கல் சொல்வது பாதி, சொல்லாத பாதியில் ஓர் அரசு காணாமல் போனது என்று என் பெயரில் வெளிப்படையாக எழுதினேன். நபாத்திய அரசனின் வீரர்கள் பிறகு ரோமானியப் படைப்பிரிவுகளில் சேர்க்கப்பட்டதையும் எழுதினேன். வாதம் நின்றதே அந்த வரியில்தான்.

எனக்குத் தட்டச்சு வராது. அதே வகுப்பில் படித்த, காலையில் டோனட் கடையில் வேலை செய்யும் வடமராட்சிப் பெண்ணொருத்தி பாடசாலைக் கணினியில் அடித்துத் தந்தாள். அந்த வரியில் கையை எடுத்துவிட்டாள்.

"உந்த வரி வேணுமோ, அண்ணை?"

"ஏன், பிழையோ?"

"பிழையில்லை. உது ரோமாக்காரற்றை கதையெண்டு ஆர் நம்பப்போகினம்?"

டீச்சர் நம்புவா என்றேன்.

"டீச்சர் நம்புவா. அவ ஸ்காபரோவில எங்கட சனத்துக்குள்ள குடியிருக்கேல்லை."

ஊர்ப் போரில் யார் எந்தப் படையுடன் சேர்ந்தார்கள் என்பதை இங்கே எவரும் பொதுவில் பேசாத காலம். வரியை எடுத்தால் கட்டுரை விழும், விழுந்தால் கல்லூரி இல்லை. அடிக்கச் சொன்னேன். அடித்தாள், என் பெயரை மட்டும் மிகச் சிறிய எழுத்தில்.

சித்தியடைந்தேன். ஆசிரியைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என்னைக் கேட்காமலே கட்டுரையை உணவுச்சாலைக்கு வெளியே, எல்லாரும் கடந்துபோகும் சுவரில் குத்திவிட்டார்.

அடுத்த நாள் நான் போனபோது தடித்த குளிரங்கியோடு ஒருவர் அதன் முன்னால் நின்று, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். ஆங்கில வகுப்புக்கு வருபவர், எங்கள் ஆள், முன்பின் பேசியதில்லை. விரல் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்தது. முடித்துவிட்டுத் திரும்பி, நீங்களோ எழுதினது என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது.

"இந்த றோட்டு இப்ப திறந்திருக்கோ, பூட்டோ?"

யாழ்ப்பாணத்துக்குப் போகும் நெடுஞ்சாலை போரால் பூட்டிப் பல வருடமாகியிருந்தது. பாதையென்றால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

"திறந்துதான் கிடக்கு. அந்த வழியில இப்ப தார் றோட்டு. பஸ்ஸும் ஓடுது."

"ஆற்றை கையில?"

"ரோமாக்காரரும் இல்லை, அந்தப் பழைய ஆக்களும் இல்லை. இப்ப வேறை நாடு."

அவர் காதுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு யோசித்தார்.

"அப்ப ரெண்டாயிரம் வருசம் பொறுத்தால் காணும், றோட்டு திறக்கும் எண்டுறியள்."

அப்படி நான் எழுதவில்லை என்றேன்.

"நீங்கள் எழுதேல்லை," என்றார். "ஆனா உதுக்குள்ள கிடக்கு."